ஒரே மானியம், வேறு வேறு பலன்: மொட்டைமாடி மின்சாரத்தின் கணக்கு

வீட்டு மொட்டைமாடியில் சூரிய மின் பலகை அமைப்போருக்கு மத்திய அரசு தரும் மானியம் 2024 முதல் ‘பிரதமர் சூர்ய கர்: இலவச மின்சாரத் திட்டம்’ என்ற பெயரில் வழங்கப்படுகிறது. முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் கிடைக்கும். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக அமைத்தாலும் மானியம் 78,000 ரூபாயைத் தாண்டாது. வடகிழக்கு மாநிலங்கள், இமயமலை மாநிலங்கள், அந்தமான், லட்சத்தீவு ஆகியவற்றுக்கு இதைவிடப் பத்து சதவீதம் கூடுதல். புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டுக்கும் பொதுவான தொகைதான். தொகை ஒன்றானாலும் அதனால் விளையும் பலன் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறுகிறது. இதைப் புரிந்துகொள்ளப் பிள்ளைச்சாவடி நல்ல இடம்.

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் எனத் தமிழ்நாட்டு ஊர்கள் வரும். அவற்றைக் கடந்ததும் பிள்ளைச்சாவடியில் மறுபடி புதுச்சேரி தொடங்குகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து துண்டு துண்டாகக் கிடக்கும் எல்லையின் மிச்சம் இது. மீனவர் குப்பமும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் அடுத்தடுத்து அமைந்த இந்த ஊருக்குப் புதுச்சேரி அரசின் மின் துறை மின்சாரம் தருகிறது. பொம்மையார்பாளையத்துக்குத் தமிழ்நாட்டு மின் வாரியம் தருகிறது. சூரியனும் மத்திய அரசின் மானியமும் இரண்டு ஊருக்கும் பொது. மின் கட்டணம் மட்டும் வேறு.

மானியம் வந்த வழி

எண்ணெய் விலை உயர்வு உலகை உலுக்கிய பிறகு, 1981-இல் மத்திய அரசு மாற்று எரிசக்திக்கென ஓர் ஆணையத்தையும், 1982-இல் தனித் துறையையும் அமைத்தது. அது 1992-இல் அமைச்சகமாக உயர்ந்தது. தொடக்கத்தில் அரசின் உதவி பெரும்பாலும் சாண எரிவாயுக் கலன், புகையில்லா அடுப்பு, சூரிய விளக்கு போன்றவற்றுக்கே சென்றது. மின்கட்டத்தோடு இணையும் சூரிய மின்சாரம் 2010 ஜனவரியில் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு தேசிய சூரிய இயக்கத்தால்தான் முன்னுக்கு வந்தது. 2022-க்குள் 20,000 மெகாவாட் என்ற அதன் இலக்கை 2015-இல் ஒரு லட்சம் மெகாவாட்டாக உயர்த்தினார்கள். அதில் 40,000 மெகாவாட் கூரைகளிலிருந்து வர வேண்டும் என்பது திட்டம்.

திறந்தவெளிச் சூரிய மின் பூங்காக்கள் வேகமாக வளர்ந்தன. கூரை மின்சாரமோ இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. 2019-இல் வீடுகளுக்கு 3 கிலோவாட் வரை 40 சதவீத மானியம் அறிவித்தும், விண்ணப்பம் மின் விநியோக நிறுவனங்கள் வழியாகவே நகர வேண்டியிருந்ததால் பலர் பாதியிலேயே விட்டுவிட்டனர். 2022-இல் தேசிய இணையதளம் வந்தது. 2024 பிப்ரவரி 29 அன்று மத்திய அமைச்சரவை 75,021 கோடி ரூபாயில், 2026-27-க்குள் ஒரு கோடி வீடுகள் என்ற இலக்கோடு இப்போதைய திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 மார்ச்சில் பத்து லட்சம் வீடுகள் நிறைவடைந்தன.

வீட்டுக் கூரைக்கு அரசு பணம் தருவது இந்தியாவில் பிறந்த யோசனை அன்று. ஜெர்மனி 1990-இல் ஆயிரம் கூரைத் திட்டத்தைத் தொடங்கியது. ஜப்பான் 1994-இல் வீட்டு மானியம் தந்தது. ஜெர்மனி பிறகு 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே, கட்டத்துக்குள் அனுப்பும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் நிலையான விலை கொடுத்தது. இந்தியா வீடுகளுக்குத் தேர்ந்தது வேறு வழி: முதலீட்டில் ஒரு பங்கை அரசு ஏற்கும், மீதியைக் குறையும் மின் கட்டணத்திலிருந்து வீட்டுக்காரர் மீட்டுக்கொள்ள வேண்டும்.

மீட்டர் செய்யும் வேலை

ஒரு கிலோவாட் அமைப்புக்கு ஏறத்தாழ 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். அது நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட், மாதத்துக்குச் சுமார் 120 யூனிட் தரும். பகலில் வீடு பயன்படுத்தியது போக மிஞ்சுவது மின்கட்டத்துக்குப் போகும். இரவில் கட்டத்திலிருந்து மின்சாரம் வரும். போவதையும் வருவதையும் இருவழி மீட்டர் பதிவு செய்ய, வித்தியாசத்துக்கு மட்டும் பில் வரும். இதற்கான விதிகளைப் புதுச்சேரிக்கு வகுப்பது, கோவாவுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் பொதுவான கூட்டு மின்சார ஒழுங்குமுறை ஆணையம்.

ஆகவே மானியத்தின் உண்மை மதிப்பு, வீட்டில் மிச்சமாகும் யூனிட்டின் விலையைப் பொறுத்தது. புதுச்சேரிக்குச் சொந்தமாக உள்ள பெரிய மின் நிலையம் காரைக்காலில் இயங்கும் 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் மட்டுமே. மீதி பெரும்பாலும் நெய்வேலி, ராமகுண்டம், கல்பாக்கம் போன்ற மத்திய நிலையங்களிலிருந்து விலைக்கு வருகிறது. 2024-25-க்கு ஆணையம் நிர்ணயித்த வீட்டுக் கட்டணம், மாதத்தின் முதல் 100 யூனிட்டுக்கு யூனிட் 2.70 ரூபாய், அடுத்த நூறுக்கு 4 ரூபாய், அதற்கடுத்த நூறுக்கு 6 ரூபாய், 300-க்கு மேல் 7.50 ரூபாய்.

இந்த விகிதத்தில், நிலைக்கட்டணமும் அரசு தரும் கட்டணச் சலுகையும் நீங்கலாக, மாதம் 300 யூனிட் செலவழிக்கும் பிள்ளைச்சாவடி வீட்டின் பில் 1,270 ரூபாய். மத்திய அரசின் அடிப்படை விலைக் கணக்குப்படி 3 கிலோவாட் அமைப்புக்கு 1,45,000 ரூபாய் ஆகும். மானியம் போக 67,000. பில் முழுவதும் மிச்சமானால் நாலரை ஆண்டுகளில் கைக்காசு திரும்பிவிடும். மாதம் 100 யூனிட் மட்டும் எரிக்கும் சிறு வீட்டுக்கு ஒரு கிலோவாட் போதும். மானியம் போகச் செலவு 20,000. ஆனால் மிச்சமாவது மாதம் 270 ரூபாய்தான் என்பதால் காசு திரும்ப ஆறு ஆண்டுகளுக்கு மேலாகும். எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில் 2016 முதல் இரு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்குள் அடங்கும் வீட்டுக்குச் சூரிய மின்சாரத்தால் மிச்சம் எதுவும் இல்லை. மானியத்தை வசதி குறைந்த வீடுகளைவிட அதிக மின்சாரம் எரிக்கும் வீடுகளே முதலில் பயன்படுத்திக்கொள்வதற்குக் காரணம் இதுதான்.

விண்ணப்பமும் பணமும்

விண்ணப்பிப்பவருக்குச் சொந்த வீடும், தன் பெயரில் மின் இணைப்பும், பலகையின் பாரம் தாங்கும் கூரையும் இருக்க வேண்டும். முன்பு இதே போன்ற மானியம் பெற்றிருக்கக் கூடாது. இணையதளத்தில் மின் நுகர்வோர் எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தபின், அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 10 கிலோவாட் வரை தனியாகத் தொழில்நுட்பச் சாத்திய ஆய்வு தேவையில்லை என்று 2024-இல் விதி திருத்தப்பட்டது. பொருத்தி முடித்து, மீட்டர் மாற்றி, மின் துறை சோதித்துச் சான்று தந்த பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். பலகைகளும் அவற்றின் மின்கலங்களும் இந்தியாவில் செய்தவையாக இருப்பது கட்டாயம். இல்லையென்றால் மானியம் கிடையாது. ஐந்து ஆண்டுப் பராமரிப்பு, பொருத்திய நிறுவனத்தின் பொறுப்பு.

முழுத் தொகையையும் முதலில் வீட்டுக்காரரே புரட்ட வேண்டியிருப்பதால், 3 கிலோவாட் வரையான அமைப்புக்கு அடமானமின்றி 2 லட்சம் ரூபாய் வரை பொதுத்துறை வங்கிகள் கடன் தருகின்றன. பத்து சதவீதம் கைக்காசு போட்டால் போதும். திருப்பிச் செலுத்தப் பத்து ஆண்டுகள் வரை தவணை உண்டு.

கடலோரத்தின் தனிக் கணக்கு

பலகையின் ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். உப்புக்காற்று வீசும் கரையில் அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்தால் அந்த ஆயுளுக்குப் பொருளில்லை. துத்தநாகப் பூச்சுள்ள சட்டமோ அலுமினியச் சட்டமோ கேட்டு வாங்குவது நல்லது. பலகை உப்புப்புகைச் சோதனையில் தேறியதா என்றும் பார்க்க வேண்டும். உப்பும் தூசியும் படிந்தால் விளைச்சல் குறையும் என்பதால் அடிக்கடி கழுவ வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி மின்சாரத்தை முடக்கியது. இத்தகைய நேரத்தில் மாடியில் பலகை இருந்தும் வீடு இருளில்தான் இருக்கும். கட்டத்தில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். கம்பியில் ஏறி வேலை செய்யும் ஊழியருக்கு வீடுகளிலிருந்து மின்சாரம் பாயாமலிருக்கவே இந்த ஏற்பாடு. பேட்டரி சேர்த்தால் வீட்டுக்கு மட்டும் ஓட்டலாம், ஆனால் பேட்டரிக்கு மானியம் இல்லை.

கரையோர வீடுகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. 1980-களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்குக் கட்டிய அலைத்தடுப்புச் சுவர்கள் வடக்கே நகரும் மணலை மறித்ததிலிருந்து வடகரை அரிக்கப்பட்டு வருகிறது. பிள்ளைச்சாவடியிலும் வீடுகள் கடலுக்குப் போயிருக்கின்றன. கூரையே நிலையில்லாத இடத்தில் 25 ஆண்டுப் பலகை பொருத்த முடியாது. சொந்தக் கூரை இல்லாதவருக்கும் வாடகைக்கு இருப்பவருக்கும் இதே நிலைதான். ஓரிடத்தில் பொதுவாக அமைத்து அதன் யூனிட்டுகளைப் பல வீட்டு பில்களில் கழிக்கும் முறைக்கும், மின் நிறுவனமோ வேறு முதலீட்டாளரோ தம் செலவில் பொருத்தித் தரும் முறைக்கும் திட்டத்தில் இடம் இருக்கிறது. மாவட்டத்துக்கு ஒரு மாதிரி சூரிய கிராமத்துக்கு ஒரு கோடி ரூபாய் தரும் பிரிவும் உண்டு. ஒழுங்குமுறை ஆணையமும் மின் துறையும் இவற்றை நடைமுறைப்படுத்தும் அளவைப் பொறுத்தே, மொட்டைமாடி இல்லாத வீடுகளுக்கும் இந்தத் திட்டம் எட்டும்.