சான்றிதழில் ஓர் அடித்தல்

சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி. ஒன்றரை நூற்றாண்டு அங்கே படித்தவர்கள் எல்லாரும் ஆண்களே. அதனால் சான்றிதழ்களில் ‘அவன்’ என்பதற்கான ‘ஹி’ என்ற ஆங்கிலச் சொல்லையே அச்சடித்து வைத்திருந்தார்கள்.

1940-களில் அச்சு தடுமாறியது. லலிதா என்ற பெண் மின் பொறியியல் படித்து முடித்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர் அவர். அதே கல்லூரியில் பேராசிரியராக இருந்த தந்தை சுப்பாராவ், முதல்வர் சாக்கோவிடம் பேசி இடம் வாங்கித் தந்தார். ஆண்கள் மட்டுமே இருந்த வளாகத்தில் விடுதித் தனிமைதான் லலிதாவை வாட்டியது. அதைப் போக்க, கல்லூரி பெண்களைச் சேர்ப்பதாக விளம்பரம் செய்ததும், திரேசியா, லீலம்மா ஜார்ஜ் இருவரும் கட்டடப் பொறியியலில் சேர்ந்தார்கள்.

பட்டம் வந்தது. புதுத் தாள் அச்சடிக்க யாருக்கும் தோன்றவில்லை போலும்! ‘ஹி’யைப் பேனாவால் அடித்து, மேலே ‘ஷி’ என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பின்னாளில் லலிதா, 1964-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலகப் பெண் பொறியாளர், விஞ்ஞானியர் மாநாட்டுக்குப் போனார். நேயர்களே, உங்கள் வீட்டுப் பெட்டியிலும் பாட்டியின் பழைய சான்றிதழ் இருக்கலாம். ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.