ரத்தம் நிற்க என்னவெல்லாம் வைத்தார்கள்

திண்ணனார் முதலில் தேடியது பச்சிலை

காளஹஸ்தி என்றதும் கண்ணப்பர் தம் கண்ணைப் பிடுங்கி அப்பியதுதான் நினைவுக்கு வரும். அதற்கு முன் அவர் செய்ததை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். சேக்கிழார் சொல்லும் வரிசை இது: லிங்கத்தின் வலக்கண்ணில் ரத்தம் வழிகிறது. செய்தவன் யாரென்று திண்ணனார், அதாவது பின்னாளில் கண்ணப்பர் ஆனவர், சுற்றிலும் தேடுகிறார். ஒருவரும் அகப்படவில்லை. அம்புக் காயத்துக்கு வேடர்கள் போடும் பச்சிலைகளைப் பறித்துவந்து பிழிகிறார். ரத்தம் நிற்கவில்லை. அப்போதுதான் ஊனுக்கு ஊனே மருந்து என்ற பழைய சொல் அவருக்கு நினைவு வருகிறது.

பக்தியைச் சற்றுத் தள்ளிவைத்துப் பார்த்தால், மூலிகை கைவிட்டபோது தசைக்குப் போன ஒரு வேடனின் வைத்தியம் இது. அறுவைச் சிகிச்சையும் ஏறக்குறைய இந்த வழியில்தான் நடந்தது.

பச்சிலையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. சேஷாசல மலைக்காட்டில் வளரும் வேங்கை மரத்தைக் கீறினால் செக்கச் சிவந்த பிசின் வடியும். அதிலுள்ள துவர்ப்புச் சத்து திசுவைச் சுருங்கச் செய்யும். கைனோ என்ற பெயரில் இந்தப் பிசின் பிரிட்டிஷ் மருந்து நூலிலும் இடம்பெற்றிருந்தது. சவரக் கத்தி கீறிய இடத்தில் நாவிதர் தேய்க்கும் படிகாரமும் சுருக்கும் வேலையைத்தான் செய்கிறது. ரத்தம் நிறுத்தச் சுசுருதர் நான்கு வழிகளைச் சொல்கிறார்: துவர்ப்புக் கஷாயம், குளிர்ச்சி, சாம்பல், கடைசியாகச் சூடு. கசியும் ரத்தத்துக்கு முதல் மூன்றும் ஓரளவு கேட்கும். பீறிட்டு அடிக்கும் தமனிக்குச் சூடுதான். 16ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் போர்க்களங்களில் அம்ப்ருவாஸ் பாரே, சூடு போடுவதை விட்டு ரத்தக் குழாயை நூலால் கட்டத் தொடங்கினார். நூல் இன்றும் முக்கியமான ஆயுதம்.

கட்டுவதற்கு இடமில்லாதபோது

எலும்பை அறுத்தால் ஊற்றுக்கண் போல நூறு துளைகளில் ரத்தம் கசியும். எதைப் பிடித்துக் கட்டுவது? 1892இல் லண்டன் மருத்துவர் விக்டர் ஹார்ஸ்லி, தேன்மெழுகில் பாதாம் எண்ணெயும் சிறிது சாலிசிலிக் அமிலமும் கலந்து மண்டையோட்டின் விளிம்பில் தேய்த்தார். துளைகள் அடைபட்டன. இதய அறுவையில் மார்பெலும்பைப் பிளந்தபின் விளிம்பில் இன்றும் மெழுகு தேய்க்கிறார்கள். மெழுகு உடலில் கரையாது, எலும்பு கூடுவதையும் தடுக்கும். அதனால் மிகச் சிறிதளவே பூசவேண்டும்.

மூளை இன்னும் சங்கடமானது. மெத்தென்ற திசு, மயிரிழைக் குழாய்கள், அழுத்தினால் சேதம். பாஸ்டனில் பிறகு புகழ்பெற்ற மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1911இல் இதற்கு இரண்டு வழிகளை எழுதினார். ஒன்று, வெள்ளிக் கம்பியை வளைத்துச் செய்த குட்டிக் கிளிப். மற்றது, நோயாளியின் தசையிலிருந்தே ஒரு துணுக்கை வெட்டி, ரத்தம் கசியும் இடத்தில் வைத்து அமுக்குவது. நசுங்கிய தசையிலிருந்து வெளிப்படும் புரதம் ரத்தம் உறைவதைத் தூண்டிவிடும். ஊனுக்கு ஊன்!  

குஷிங்கின் கைமுறைக்கும் காளஹஸ்தி இருக்கும் இந்தச் சித்தூர், திருப்பதி மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. அவரிடம் இளம் மருத்துவராகப் பணியாற்றியவர் வைல்டர் பென்ஃபீல்ட். மான்ட்ரியலில் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேக்கப் சாண்டி, 1949இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். சித்தூரிலிருந்து வேலூர் சுமார் 35 கி.மீ. தலையில் அடிபட்டவரை ஏற்றிக்கொண்டு இந்த ஊர்க்காரர்கள் பல்லாண்டுகளாக ஓடும் சாலை அது. திருப்பதியில் ஸ்விம்ஸ் மருத்துவமனை நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியது 1990களில்தான்.

கரையும் பஞ்சு

சாதாரணப் பஞ்சை உள்ளே விட்டுத் தைத்தால் சீழ் பிடிக்கும். வெளியே எடுத்தால் உறைந்த ரத்தமும் பிய்த்துக்கொண்டு வரும். 1940களில் நியூயார்க் மருத்துவர் வர்ஜீனியா ஃபிரான்ட்ஸ், ஆக்சிஜனேற்றம் செய்த செல்லுலோஸ் துணியை உள்ளேயே விட்டுவிடலாம் என்று காட்டினார். அது சில வாரங்களில் கரைந்துவிடும். 1945இல் ஜெலட்டின் ஸ்பஞ்சு வந்தது. பல் பிடுங்கிய குழியில் பல் டாக்டர் வைக்கும் வெள்ளைத் துண்டு பெரும்பாலும் இந்த வகை. பிறகு கொலாஜன் தூள், மனிதப் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த ஃபைப்ரின் பசை என்று பட்டியல் நீண்டது.

மனித முடியின் கெராட்டினிலிருந்து செய்த கூழ், முயலின் கல்லீரல் காயத்தில் ரத்தப்போக்கைக் குறைத்ததாக 2009இல் அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். திருமலையில் மொட்டை போடும் கல்யாணக்கட்டையில் சேரும் முடியோ விக் வியாபாரிகளுக்குப் போகிறது.

கண்ணாடி விரியனின் விஷமும்

எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த பாத்திரம் கண்ணாடி விரியன். நிலக்கடலைக் காட்டிலும் வரப்பிலும் கடித்து ஆளைச் சாய்க்கும் அதே பாம்பு. 1934இல் லண்டனில் மாக்ஃபார்லேன், பர்ஜெஸ் பார்னெட் என்ற ஆய்வாளர்கள் அதன் விஷத்தைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காக நீர்த்து, ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளியின் காயத்தில் வைத்தார்கள். ரத்தம் உறைந்தது.

கடித்தால் நடப்பது இதன் மறுபக்கம். விஷம் உடலெங்கும் ஓடி, உறையத் தேவையான புரதங்களையெல்லாம் வீணாகச் செலவழித்துவிடும். பிறகு ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம் வரும். அதனால்தான் பாம்புக்கடி என்று போனால் சில மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் ஊற்றி 20 நிமிடம் அசைக்காமல் வைக்கிறார்கள். சாய்த்துப் பார்க்கையில் தண்ணீராக ஓடினால் விஷமுறிவு மருந்து ஏற்றவேண்டும். அந்த 20 நிமிடமும் டாக்டர் சும்மா இருப்பதாக நினைத்துச் சண்டை போடாதீர்கள். கடிவாயைக் கீறுவதும் கயிறு கட்டுவதும் ஆகவே ஆகாது.

ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்

மேலே சொன்ன கரையும் பொருள்களில் பெரும்பாலானவை நம் ரத்தம் உறைவதற்குத் துணைதான் நிற்கின்றன. உறையும் திறனே குறைந்திருந்தால் விலையுயர்ந்த ஸ்பஞ்சும் திணறும். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அட்டையையே கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். ஸ்டென்ட் வைத்தவருக்கு அது உயிராபத்து. பல் பிடுங்கியபோதோ பிரசவத்திலோ ரத்தம் நிற்காமல் போனதுண்டா, நாட்டு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா என்பதையும் கேட்குமுன்பே சொல்லிவிடுங்கள். ஜெலட்டின் ஸ்பஞ்சு பன்றித் தோலிலிருந்தும், கொலாஜன் பல சமயம் மாட்டிலிருந்தும் வருகிறது. இதில் மன உறுத்தலோ ஒவ்வாமையோ இருந்தால் கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். பெரும்பாலும் மாற்று உண்டு.

வீட்டில் வெட்டுக்காயமென்றால் காப்பித்தூளும் சுண்ணாம்பும் வேண்டாம். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று இடையிடையே எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி ஆரம்பிக்கும்.

டிஸ்சார்ஜ் சம்மரியைப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பொருளை உள்ளே விட்டார்கள் என்பது அதில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் எழுதி வாங்குங்கள். உள்ளே விட்ட செல்லுலோஸ் துணி கரையும் முன் சி.டி. ஸ்கேனில் சீழ்க்கட்டி போலவே தெரிவதுண்டு. திருப்பதியில் ஆபரேஷன் முடித்து, ஒரு மாதத்தில் காய்ச்சலோடு வேலூருக்குப் போகிறவரிடம் அந்தக் காகிதம் இருந்தால், இல்லாத சீழுக்காக இன்னொரு முறை வயிற்றைத் திறக்கும் நிலை வராமல் தவிர்க்கலாம்.