நகரத்து வேதாகமப் பள்ளியும் பருத்தித் தோட்டத்துப் பெண்பிள்ளையும்

இடம்பெயர்ந்த குடும்பங்கள் வாழும் குடியிருப்பு ஒன்றில் செபம் முடிந்து புறப்பட ஆயத்தமானபோது, வயது முதிர்ந்த விவசாயி ஒருவர் என்னை மறித்துக் கேட்டார்: "சுவாமி, மகன் ஊழியத்துக்குப் படிக்கப் பட்டணம் போகப் போகிறேன் என்று நிற்கிறான். காணிதான் கையைவிட்டுப் போனது. பிள்ளையும் போனால் திரும்பி வருவானா?"

அன்று என்னால் உடனடியாக விடை சொல்ல முடியவில்லை. இக்கட்டுரை அந்தத் தகப்பனுக்கும், அவரைப் போன்ற பெற்றோருக்கும் எழுதப்படுகின்றது. ஊழியத்திற்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் நகரத்துப் பள்ளியொன்று எப்படித் தோன்றியது, அங்கே என்ன கற்பிக்கப்பட்டது, அங்கு படித்த கமக்காரப் பிள்ளையொருத்தி என்ன ஆனாள் என்பதைப் பார்ப்போம்.

சப்பாத்துக் கடையிலிருந்து

அமெரிக்காவின் நோர்த்பீல்ட் என்னும் கிராமத்தில் 1837இல் டி. எல். மூடி பிறந்தார். அவருக்கு நான்கு வயதாயிருக்கும்போது தந்தை இறந்தார். கடன்காரர் வீட்டிலிருந்த பொருட்களை எடுத்துச் சென்றனர். தாய் ஒன்பது பிள்ளைகளோடு தனித்து நின்றார். மூடி அதிகம் படிக்கவில்லை. பதினேழு வயதில் பொஸ்ரன் நகருக்குச் சென்று தாய்மாமனின் சப்பாத்துக் கடையில் வேலை செய்தார். 1856இல் சிக்காகோ நகரை அடைந்து, அங்குள்ள ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு மறைப்பள்ளி நடத்தத் தொடங்கினார்.

1871 ஒக்டோபரில் சிக்காகோவைப் பெருந்தீ எரித்தது. ஏறத்தாழ முந்நூறு பேர் மாண்டனர். ஒரு இலட்சம் பேர் வரையில் வீடிழந்தனர். மூடியின் வீடும் ஆலயமும் எரிந்து போயின. வீட்டை விட்டு வெறுங்கையோடு வெளியேறுவது என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அந்நாட்களில் எம்மா டிறையர் என்ற ஆசிரியை அந்நகரின் ஏழைகளிடையே பணிபுரிந்து வந்தார். வீடு வீடாகச் சென்று உதவி செய்யவும் இறைவார்த்தையைக் கற்பிக்கவும் பெண்களைப் பயிற்றுவித்தவர் அவர். இதற்கென நிரந்தரமான பள்ளி வேண்டும் என்று மூடியைத் தொடர்ந்து வற்புறுத்தியவரும் அவரே. மூடியின் பெயர் நிலைத்தது. அந்த ஆசிரியையின் பெயர் பலருக்குத் தெரியாது.

நடுவில் நிற்பவர்கள்

1886இல் மூடி தமது எண்ணத்தைச் சிக்காகோ மக்கள் முன் வைத்தார். ஒரு புறம் நீண்டகாலம் கல்லூரிகளில் படித்த போதகர்கள். மறுபுறம் ஆலயப் பக்கமே வராத தொழிலாளர்கள். இந்த இருவருக்கும் இடையில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் நிற்கக்கூடிய சாதாரண ஆண்களும் பெண்களும் தேவை என்றார். 1889இல் பள்ளி முறையாக இயங்கத் தொடங்கியது. மூடி 1899இல் இறந்தபின் அது அவருடைய பெயரைப் பெற்றது.

இங்கு கற்பிக்கப்பட்டவை பல அல்ல. வேதாகமம், பாடல், மக்களோடு பேசும் முறை என்பவையே முக்கியமானவை. ஆனால் பாடம் வகுப்பறையில் முடியவில்லை. படித்ததை எடுத்துக்கொண்டு மாணவர்கள் சேரிகளுக்கும் சிறைகளுக்கும் தெருமுனைகளுக்கும் சென்றனர். படிப்பும் பணியும் ஏரில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போன்றவை. ஒன்று படுத்துவிட்டால் மற்றது தனியே இழுக்க முடியாது.

இது பிரிந்த சகோதரர்களின் பள்ளியாகும். அதன் போதனைகள் எல்லாவற்றோடும் எமது திருச்சபை உடன்படுவதில்லை. எனினும் அதன் பயிற்சி முறையிலிருந்து நாமும் கற்றுக்கொள்ளலாம்.

பருத்தித் தோட்டத்துப் பிள்ளை

1894இல் இப்பள்ளிக்கு மேரி மக்லியோட் என்ற கறுப்பினப் பெண் வந்து சேர்ந்தார். தென் கரோலினா மாநிலத்தில் 1875இல் பிறந்தவர். பெற்றோர் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்கள். சிறு காணியில் பருத்தி செய்தார்கள். பதினேழு பிள்ளைகளில் மேரி பதினைந்தாவது. சிறு வயதில் பருத்தி பறித்தவர், மைல்கணக்காக நடந்து மிசன் பாடசாலைக்குப் போனார். எங்கோ தொலைவில் வாழ்ந்த தையற்காரப் பெண்ணொருவர் அனுப்பிய பணத்தால் மேற்படிப்புப் படித்தார்.

ஆபிரிக்காவுக்கு மறைபரப்பச் செல்வதே அவருடைய கனவு. சிக்காகோவில் பயிற்சி முடித்து விண்ணப்பித்தபோது, கறுப்பின மறைபரப்பாளருக்கு அங்கே இடமில்லை என்று மிசன் சபை கூறிவிட்டது. ஊழியத்திற்கு அழைத்த அதே கிறிஸ்தவ உலகம் தோலின் நிறத்தைப் பார்த்துக் கதவை அடைத்தது. இதனை மறைக்காமல் சொல்வது எமது கடமை. சாதி பார்த்துக் கதவடைத்த ஆலயங்கள் எமது மண்ணிலும் இருந்தன.

மேரி தன் மக்களிடமே திரும்பிச் சென்றார். திருமணத்தின் பின் மேரி பெத்தூன் ஆன அவர், 1904 ஒக்டோபரில் புளோரிடாவின் டேற்ரோனா நகரில், கையில் ஒன்றரை டொலரோடு, ஐந்து பெண்பிள்ளைகளுக்கும் தன் மகனுக்கும் பாடசாலை தொடங்கினார். பழைய பெட்டிகள் மேசைகளாயின. எரிந்த விறகின் கரி எழுதுகோலானது. வற்றாளங்கிழங்குப் பணியாரம் செய்து விற்றுப் பணம் சேர்த்தார். வேதாகமத்தோடு சமையலும் தையலும் தோட்டச் செய்கையும் கற்பித்தார். அச்சிறு பாடசாலை இன்று பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. 1955இல் அவர் இறந்தார்.

எமது மண்ணின் அனுபவம்

பொதுநிலையினரைப் பயிற்றுவிப்பது எமக்குப் புதிதல்ல. ஒல்லாந்தர் காலத்தில் குருக்கள் தடைசெய்யப்பட்டிருந்தபோது, 1687இல் யாழ்ப்பாணம் வந்த புனித யோசேப் வாஸ் ஊர் ஊராக மூப்பர்களையும் அண்ணாவிமாரையும் உருவாக்கினார். குரு இல்லாத வேளையில் விசுவாசத்தைக் காத்தவர்கள் அவர்களே. 2021இல் திருத்தந்தை பிரான்சிஸ், மறைக்கல்வியாளர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார்.

தகப்பனுக்கு விடை

ஐயா, நகரத்துப் பள்ளி பிள்ளையைக் கெடுக்கும் என்றோ, கட்டாயம் உயர்த்தும் என்றோ சொல்ல மாட்டேன். நகரம் பிள்ளையை வைத்துக்கொள்வதும் உண்டு. படிப்பு ஏறியபின் சேற்றில் கால் வைக்கக் கூச்சப்படுவோரை நானும் கண்டிருக்கிறேன். குருமடத்தில் படித்துத் திரும்பிய புதிதில் நானும் அப்படித்தான் இருந்தேன். மழைக்காலத்தில் ஒரு விதவையின் கொட்டிலுக்குக் கூரை வேயக் கைகொடுத்தபோதுதான், படித்த மறையுரைகள் எனக்கே விளங்கத் தொடங்கின.

ஆகவே அனுப்புமுன் சிலவற்றைக் கவனியுங்கள். பள்ளி மாணவரை ஏழைகளிடம் அனுப்புகின்றதா, வகுப்பறையிலேயே வைத்திருக்கின்றதா என்று விசாரியுங்கள். பெண்பிள்ளைகளுக்கும் அதே பயிற்சி உண்டா என்று கேளுங்கள். வேதாகமத்தோடு கைத்தொழிலோ விவசாயமோ கற்றுக்கொள்ளச் சொல்லுங்கள். பசித்தவனிடம் வெறும் வசனத்தோடு போக முடியாது. உங்கள் குடும்பம் மட்டுமன்றி, ஊரே கூடி அனுப்பட்டும். சிறு தொகையேனும் ஒவ்வொரு வீடும் கொடுக்கட்டும். ஊர் அனுப்பிய பிள்ளைக்கு ஊரை மறப்பது எளிதல்ல. விடுமுறைதோறும் வந்து, தான் கற்றதை உங்கள் முன் சொல்லிக் காட்டட்டும்.

மகன் இதே குடியிருப்புக்குத் திரும்பி வருவான் என்று நான் வாக்குத்தர முடியாது. மேரியும் பிறந்த கிராமத்தில் பாடசாலை கட்டவில்லை. தன்னைப் போன்ற பிள்ளைகள் இருந்த இடத்தில் கட்டினார். திரும்பி வருதல் என்பதன் பொருளும் அதுவே.

குழுவாகச் சிந்திப்போம்

1. எமது குடியிருப்பில் இருந்து படிக்கப் போனவர்கள் இன்று எங்கே? அவர்களோடு எமக்குத் தொடர்பு உண்டா?
2. குருவுக்கும் மக்களுக்கும் இடையில் நின்று பணிசெய்யக்கூடியவர்கள் எம்மிடையே யார்? பெண்களைக் கணக்கில் எடுத்தோமா?
3. ஒரு பிள்ளையின் பயிற்சிக்கு நாம் கூட்டாக எதைக் கொடுக்க முடியும்?