சேர்வராயன் மலையிற் பொருள் வைப்பு

இல்லறத்தின் சிறப்பைப் பேசுவோர் விருந்தோம்பலையும் ஈகையையும் விரித்துரைப்பர். விருந்தினர்க்கு இட்ட அரிசி எப்பானையில் இருந்தது, அஃது ஏன் பூச்சி அரியாமல் இருந்தது என்பவற்றை உரைப்பார் அரியர். பொருளை ஈட்டுதல் ஒரு தொழில். ஈட்டியதைக் கெடாமல் வைத்தல் மற்றொரு தொழில். பின்னது பெரும்பாலும் பெண்டிர் கையில் இருந்தமையால், அதனை ஒரு கலையாக மதித்து எழுதிவைத்தார் மிகச் சிலரே. ஏற்காட்டையும் அதனைச் சூழ்ந்த சேர்வராயன் மலையூர்களையும் இடமாகக் கொண்டு, வீட்டினுள் எப்பொருளை எங்கு வைத்தல் தகும், அதற்குக் காரணம் யாது என்பவற்றை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

முதற்கண் நிலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். சேலம் நகர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தது. இடையேயுள்ள 20 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து ஏறுவோர், கீழே வியர்த்த உடல் மேலே குளிர்தலை உணர்வர். நம்மோடு ஏறும் காற்றும் அவ்வாறே குளிர்கின்றது. 25 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர்க் காற்று ஏறத்தாழ 23 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. 20 பாகைக்குக் குளிர்ந்தால் 17 கிராமுக்கு மேல் தாங்கமாட்டாது. எஞ்சியது மூடுபனியாகி, சுவரிலும் துணியிலும் புத்தகத்தின் முதுகிலும் படிகின்றது. சமவெளி வீட்டிற் பொருளுக்குப் பகை எலியும் எறும்பும் என்பர். மலைவீட்டில் அவற்றினும் கொடிய பகை ஈரமேயாம்.

இவ்வீரத்தை அளக்குங் கருவி ஒவ்வொரு சமையலறையிலும் உள்ளது. அஃது உப்புச்சாடி. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்னும் அளவைத் தாண்டியவுடன் தூய உப்பு நீரை ஈர்த்துக் கசியத் தொடங்கும். நம் கல்லுப்பு, தன்னோடு கலந்துள்ள வேறு உப்புக்களால், அதற்குச் சற்று முன்னரே கசியும். பூஞ்சணம் தழைப்பதும் ஏறத்தாழ இவ்வளவிலேதான். ஆகவே உப்புக் கசியும் நாளில் பெட்டியைத் திறந்து துணியை அடுக்குதல், ஈரத்தையும் உடன் மடித்து வைப்பதாக முடியும். உப்பு உலர்ந்து கலகலவென்று உதிரும் நாளே அடுக்குதற்கு நல்ல நாள். இந்நாளைப் பஞ்சாங்கம் குறிப்பதில்லை. சாடியைத்தான் பார்த்தல் வேண்டும்.

இம்மலையின் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவோர். இவர் கேரள நாட்டினர் அல்லர்; தமிழ் பேசும் மக்கள். தம் முன்னோர் காஞ்சியினின்று வந்தனர் என்பது அவர்தம் வழிவழிச் செய்தி. மூங்கிலும் மண்ணும் புல்லும் கொண்டு எடுத்த அவர்தம் பழைய வீட்டில் அலமாரி இல்லை. ஆயினும் இடமின்றிக் கிடக்கும் பொருளும் இல்லை. அவ்வீட்டின் உயிர்நிலை அடுப்பு, அடுப்பின்மேல் பரண். விதைக்கென எடுத்த கேழ்வரகுக் கதிர், மொச்சை, சுரைக்குடுக்கையில் அடைத்த சிறு விதைகள் ஆகியவை பரணைச் சேரும். இதன் நுட்பத்தை மேற்கூறிய கணக்கே விளக்கும். 20 பாகையில் நூற்றுக்கு 90 ஈரமுள்ள காற்று, அடுப்பின் அனலால் 25 பாகைக்கு வெம்மையுற்றால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 66 ஆகக் குறையும். நீர் ஒரு துளியும் நீங்கவில்லை. வெறும் 5 பாகை வெம்மையே உப்புக் கசியும் நிலையினின்று கசியா நிலைக்குக் காற்றைக் கொணர்ந்துவிடுகின்றது. புகையோ வண்டினை அண்டவொட்டாது தடுக்கின்றது.

பரணுக்கு அடுத்தவை எளியன. மோரும் நெய்யும் உறியில் தொங்கும். அரிவாள் எரவாணத்திற் செருகப்படும். விளக்கு மாடத்தில் அமரும். அன்றாடம் எடுப்பன அடுக்குப்பானையின் மேலும், ஆண்டிற்கொருமுறை எடுப்பன அதன் அடியிலும் இருக்கும். பெரியதன்மேற் சிறியதாய்ப் பிரிமணையில் நிற்கும் அவ்வடுக்கினைக் கண்டோர், அழகென்பது தனியே விலைகொடுத்து வாங்கி மாட்டுவதன்று என உணர்வர். துவரையையும் மொச்சையையும் செம்மண் குழம்பிற் புரட்டி உலர்த்தி வைக்கும் வழக்கமும் தமிழ்நாட்டிற் பலவிடத்தும் உண்டு. மண்பூச்சு வண்டு முட்டையிடுதற்குத் தடையாகின்றது.

தானியத்திற்கு உரியது தொம்பை. மூங்கிலாற் பின்னி, மண்ணும் சாணமும் மெழுகி, தரையின் ஈரம் ஏறாதவாறு கற்களின்மேல் நிறுத்தப்படுவது அது. மேல்வாயிற் பெய்து கீழ்வாயில் எடுப்பதால், முன் வந்த தானியம் முன் செலவாகும். பெரும்பாணாற்றுப்படையில் ஏணியும் எட்டாத உயரமுடைய பழைய நெற்கூடுகள் பேசப்படுகின்றன. அந்நூலின் தலைவன் காஞ்சியை ஆண்ட இளந்திரையன். காஞ்சியினின்று வந்தோம் என்னும் மக்களின் தொம்பையையும் அக்கூட்டையும் ஒருங்கு முடிச்சிடுதல் ஆராய்ச்சியாகாது. ஆயினும் தமிழ் பயில்வார் மனம் அவ்வழிச் செல்லாதிருத்தல் அரிது.

1820-களில் சேலத்து ஆட்சியர் காக்பர்ன் என்பார் இம்மலையிற் காப்பியைப் பயிரிடுவித்தார். அதனுடன் புதியதொரு வைப்பு முறையும் வந்தது. காப்பிக்கொட்டையின் ஈரம் நூற்றுக்கு 11 அல்லது 12 அளவிற்குக் குறையும்வரை உலர்த்தி, சுவரைத் தீண்டாமல் மரப்பலகையின்மேல் மூட்டைகளை அடுக்குவர். காப்பி அண்டையிலுள்ள மணத்தை ஏற்றுக்கொள்ளும். ஆதலின் மிளகு ஒரே தோட்டத்தில் விளையினும் அதனோடு ஓர் அறையில் வைத்தலாகாது.

இவையெல்லாம் நாட்டுப்புறத்துப் பழமை, நாகரிக இல்லத்திற்கு ஒவ்வா எனக் கருதுவார் உளர். அவர் பொருட்டுச் செர்மனி நாட்டுச் செய்தி ஒன்று கூறுவோம். 1926-இல் மார்கரெட்டே ஷுட்டே-லிஹொட்ஸ்கி என்னும் பெண் கட்டடக் கலைஞர், தொழிலாளர் குடியிருப்புக்களுக்கென ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையை வகுத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமுமே உடைய அச்சிற்றறையில், அரிசி முதலியவற்றிற்குப் பெயர் பொறித்த அலுமினியச் சிற்றறைகள் கைக்கெட்டும் தொலைவில் வரிசையாக அமைந்தன. நம் அஞ்சறைப்பெட்டிக்கு அவை உறவென்னலாம். மாவிற்கு மட்டும் ஓக் மரத்தாலான இழுப்பறை. அம்மரத்தின் துவர்ப்பு புழுவைத் தடுக்கும் என்று கருதினர். பொருளைக் கெடுப்பது எது என முதலில் வினவி, பின்னர் அதற்கு இடம் வகுத்தமையில் அவரும் நம் மலைப்பெண்டிரும் ஒரே நெறியினர்.

நிற்க. இன்று மலையூர்களிலும் வீடு மாறிவருகின்றது. 2016-இல் தொடங்கிய நடுவணரசின் ஊரக வீட்டுத் திட்டம் ஒரு வீட்டிற்குக் குறைந்த அளவாக 25 சதுர மீட்டர் வகுத்தது. அவ்வாண்டிலேயே விறகடுப்பை நீக்கும் பொருட்டு எரிவாயு வழங்கும் திட்டமும் எழுந்தது. இவை வேண்டியனவே. வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தனர் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகின்றது. விதையைக் காத்த அப்புகையே தாயின் நெஞ்சையும் கண்ணையும் கெடுத்தது. அதனை மீளக் கொணர்க எனக் கூறுதல் கொடுமை. ஆயினும் புகை நீங்கிய வீட்டில் விதைக்கு மாற்றிடம் தேடாமல் விடுவதும் தகாது. குளிர்ந்த புறச்சுவரை ஒட்டி எழுந்த சிமிட்டிப் பரணில், பிளாஸ்டிக் மூட்டையிற் கட்டிவைத்த விதை ஒரு மழைக்காலத்தில் முளைப்புத்திறன் இழக்கும். வீட்டு விதை கெட்டபின், சாமை விதைத்த கொல்லையில் மறுபடியும் சாமை விதைப்பது கடையிற் கிடைப்பதைப் பொறுத்ததாகிவிடும்.

மாற்றிடத்திற்கு வழி இல்லாமல் இல்லை. பரணைப் புறச்சுவரில் வையாது, அடுப்புள்ள உட்சுவரின் மேற்பகுதியில் மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அமைத்தல் ஒன்று. துணிப்பெட்டியையும் பீரோவையும் சுவரினின்று நான்கு விரல் தள்ளி, அடியிற் கட்டை கொடுத்து நிறுத்துதல் ஒன்று. விதைக்கோ மலையின் குளிரே துணையாகும். ஈரம் நூற்றுக்கு 1 குறையுந்தோறும் விதையின் வாழ்நாள் இருமடங்காகும் என்பதும், வெப்பம் 5 பாகை குறையுந்தோறும் அவ்வாறே பெருகும் என்பதும் விதைநூலார் கொண்டுள்ள பொதுக்கணக்கு. ஆகலின் மழையற்ற மாசி பங்குனி வெயிலில் விதையைப் பன்னாள் உலர்த்தி, உப்பு உதிரும் ஒரு நண்பகலில் தகரத்தில் வாய்வரை நிரப்பி, காற்றுப் புகாமல் மெழுகால் அடைத்து, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் கட்டையின்மேல் வைக்கலாம். உலராத விதையை இங்ஙனம் அடைத்தால் அது வெந்து கெடும். பல்லிடையிட்டுக் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைகின்றதா என்று பார்த்தே மூடுதல் வேண்டும்.