பல்கலைக்கழகங்கள் எப்போது வாய் திறக்க வேண்டும்?

ஜெர்மனியின் ஹைடெல்பெர்க் பல்கலைக்கழகம் 1386-இல் தொடங்கப்பட்டது. அதன் 550-ஆவது ஆண்டு விழா 1936 ஜூன் மாத இறுதியில் நடக்கவிருந்தது. உலகெங்கும் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு அழைப்பிதழ் போயிற்று.

நாஜிகள் ஆட்சிக்கு வந்து அப்போது மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. 1933 ஏப்ரல் 7 அன்று கொண்டுவந்த அரசுப் பணியாளர் சட்டத்தால் நாடு முழுவதும் யூதப் பேராசிரியர்கள் வேலையை இழந்திருந்தார்கள். அடுத்த மாதமே பல்கலைக்கழக நகரங்களில் நூல்கள் தெருவில் குவித்து எரிக்கப்பட்டன. அதை முன்னின்று நடத்தியது மாணவர் சங்கம். ஹைடெல்பெர்க்கின் இயற்பியல் கூடத்துக்கு பிலிப் லெனார்டின் பெயரைச் சூட்டியிருந்தார்கள். நோபல் பரிசு பெற்றிருந்தும், ஐன்ஸ்டைனின் கோட்பாடுகளை ‘யூத இயற்பியல்’ என்று இகழ்ந்து திரிந்தவர் அவர். அமெரிக்கர்கள் தந்த நன்கொடையில் எழுந்த புதிய கட்டடத்தின் முகப்பில் ‘வாழும் ஆன்மாவுக்கு’ என்றொரு வாசகம் இருந்தது. அதை எழுதித் தந்தவர், யூதக் குடும்பத்தில் பிறந்த இலக்கியப் பேராசிரியர் பிரீட்ரிக் குண்டோல்ஃப். நாஜிகள் அதை எடுத்துவிட்டு ‘ஜெர்மானிய ஆன்மாவுக்கு’ என்று மாற்றினார்கள்.

இந்த விழாவுக்குப் போவதா, வேண்டாமா?

பிரிட்டனில் டர்ஹம் மறைமாவட்ட ஆயர் ஹென்ஸ்லி ஹென்சன், போகக் கூடாது என்று ‘டைம்ஸ்’ நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் அழைப்பை மறுத்தன. அமெரிக்காவில் ஹார்வர்டு, கொலம்பியா உட்பட இருபதுக்கும் மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் பிரதிநிதிகளை அனுப்பின. ஹார்வர்டு சொன்ன காரணம்: பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பழைய உறவு, எந்த நாட்டில் எந்த நேரத்தில் எந்த ஆட்சி நடக்கிறது என்பதைச் சார்ந்ததல்ல. கொலம்பியாவின் தலைவர் நிக்கோலஸ் மரே பட்லரின் வாதமும் ஏறத்தாழ இதுதான். அரசியல் வேறு, கல்வி வேறு.

கேட்பதற்கு நியாயமான வாதம்தான். ஆனால், ஹைடெல்பெர்க்கில் வேலையிழந்தவர்கள் யார்? பேராசிரியர்கள். எரிந்தவை எவை? நூல்கள். பெயர் மாறியது எது? ஆய்வுக்கூடம். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே நடந்த ஒன்றை ‘வெளி அரசியல்’ என்று சொல்லித்தான் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் ஒதுங்கிக்கொண்டன. நடுநிலை என்ற நல்ல சொல்லுக்கு அன்று நேர்ந்த அவமானம் இது. நியூயார்க்கின் ‘நியூ ஸ்கூல்’ வேறு வழியில் போனது. துரத்தப்பட்ட ஐரோப்பிய அறிஞர்களுக்காக 1933-இலேயே ‘நாடுகடந்த பல்கலைக்கழகம்’ என்ற பிரிவைத் தொடங்கியிருந்தார் அதன் இயக்குநர் ஆல்வின் ஜான்சன். ஹைடெல்பெர்க்கில் பிடுங்கி எறியப்பட்ட வாசகத்துக்கு இங்கே இடம் கொடுங்கள் என்று எழுத்தாளர் தாமஸ் மான் 1937-இல் யோசனை சொன்னார். ‘வாழும் ஆன்மாவுக்கு’ என்பது அந்த நிறுவனத்தின் குறிக்கோள் வாசகம் ஆயிற்று.

ஹார்வர்டு தன் வீட்டுக்குள் நடந்துகொண்ட விதமும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. 1922-இல் அங்கே புதிதாகச் சேர்ந்த மாணவர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் யூதர்கள். அன்றைய தலைவர் லாரன்ஸ் லோவெல் அதை 15 விழுக்காட்டுக்குள் அடக்கப் பார்த்தார். வெளிப்படையான உச்சவரம்பை 1923-இல் ஆசிரியர் குழு நிராகரித்தது. ஆனால் சில ஆண்டுகளில் ‘குணநலன்’, புகைப்படம், எந்த ஊர்க்காரர் என்பதெல்லாம் சேர்க்கைக்கு அளவுகோல்களாயின. வாசலில் பலகை மாட்டாமலே யூதர்களின் எண்ணிக்கை குறைக்கப்பட்டது. யூத வெறுப்பு பல்கலைக்கழகத்துக்கு வெளியிலிருந்து வந்த நோய் என்று சொல்ல ஹார்வர்டுக்கு வாய் இல்லை.

யூத வெறுப்பு என்று எதைச் சொல்கிறோம்? யூதர்களை யூதர்கள் என்பதற்காகவே வெறுப்பது, பழிசுமத்துவது, ஒதுக்குவது, தாக்குவது. இஸ்ரேல் அரசின் கொள்கைகளை விமர்சிப்பது இதில் சேராது. எல்லைக்கோடு எங்கே என்பதில்தான் சண்டை. சர்வதேச யூத இன அழிப்பு நினைவுக் கூட்டணி 2016-இல் ஏற்ற வரையறையைப் பல அரசுகள் பின்பற்றுகின்றன. அதன் மூல வரைவை எழுதியவர்களில் முதன்மையானவரான கென்னத் ஸ்டெர்னே, அதைப் பல்கலைக்கழகங்களில் பேச்சைத் தண்டிக்கும் விதியாக ஆக்காதீர்கள் என்று எச்சரித்துவருகிறார். 2021-இல் அறிஞர்கள் சிலர் ‘ஜெருசலேம் பிரகடனம்’ என்ற மாற்று வரையறையைத் தந்தார்கள். கோடு எங்கே என்ற விவாதம் நடக்கட்டும். கோட்டுக்கு வெகுதூரம் அப்பால் இருக்கும் செயல்களைக் கண்டுகொள்ள எந்த வரையறையும் தேவையில்லை.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் செய்தது அப்படிப்பட்ட செயல். காசாவிலிருந்து எல்லை கடந்து நுழைந்த ஆயுதக் குழுக்கள் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேரைக் கொன்றன. 251 பேரைப் பணயக்கைதிகளாகப் பிடித்துச் சென்றன. கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். இசை விழாவுக்கு வந்திருந்த இளைஞர்கள், கிபுட்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்புகளின் வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த முதியவர்கள், குழந்தைகள். அதன் பிறகு இஸ்ரேல் நடத்திய போரில் காசாவில் பல்லாயிரக்கணக்கானோர் உயிரிழந்தார்கள். அங்கிருந்த பல்கலைக்கழகங்களும் தரைமட்டமாயின. அந்தத் துயரம் அக்டோபர் 7-ஐ அழித்துவிடாது. அக்டோபர் 7-உம் அந்தத் துயரத்தை நியாயமாக்கிவிடாது.

தாக்குதல் நடந்த அன்றே ஹார்வர்டில் முப்பதுக்கும் மேற்பட்ட மாணவர் அமைப்புகளின் பெயரில் ஓர் அறிக்கை வந்தது. நடந்த வன்முறைக்கு முழுப் பொறுப்பும் இஸ்ரேல் ஆட்சியினுடையதே என்றது அது. கொன்றவர்களைப் பற்றி அதில் ஒரு கண்டனச் சொல் இல்லை. பல்கலைக்கழக நிர்வாகம் உடனே பேசவில்லை. முன்னாள் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ் அந்த மௌனத்தைப் பகிரங்கமாகச் சாடினார். அக்டோபர் 9-இல் வந்த நிர்வாகத்தின் முதல் அறிக்கை வழுக்கிக்கொண்டு போனது. ஹமாஸின் பயங்கரவாதத்தைத் தெளிவாகக் கண்டித்துத் தலைவர் கிளாடின் கே மறுநாள் இன்னோர் அறிக்கை வெளியிட வேண்டியிருந்தது. (மாணவர் அமைப்புகளின் அறிக்கையில் சம்பந்தப்பட்டவர்களின் முகங்களை வண்டியின் திரையில் காட்டி ஊரெல்லாம் சுற்றவிட்ட வெளியாட்களின் செயலும் அருவருப்பானது. இருபது வயதுப் பிள்ளைகளை வேட்டையாடுவதால் எந்த வெறுப்பும் குறையாது.)

தயங்காதவர்களும் இருந்தார்கள். புளோரிடா பல்கலைக்கழகத் தலைவர் பென் சாஸ், ஹமாஸ் செய்தது தீமை என்று சுற்றி வளைக்காமல் எழுதினார். நியூயார்க்கின் யெஷிவா பல்கலைக்கழகத் தலைவர் ஆரி பெர்மனின் முயற்சியில் பயங்கரவாதத்துக்கு எதிராக ஒரு கூட்டறிக்கை உருவாயிற்று. யூத நிறுவனங்கள் மட்டுமல்ல, கத்தோலிக்கப் பல்கலைக்கழகமான நோட்டர் டாமும் கறுப்பின மக்களுக்காகத் தோன்றிய கல்லூரிகளும் அதில் இணைந்தன.

பேசாதவர்கள் தங்களுக்குத் துணையாக எடுத்துக்காட்டிய ஆவணம் ஒன்று உண்டு. வியட்நாம் போர்க் காலத்தில், 1967-இல், சட்டப் பேராசிரியர் ஹாரி கால்வன் தலைமையில் சிகாகோ பல்கலைக்கழகக் குழு எழுதிய சிறிய அறிக்கை அது. வரலாற்றறிஞர் ஜான் ஹோப் பிராங்ளினும் அந்தக் குழுவில் இருந்தார். அதன் கருத்து இதுதான்: விமர்சிப்பதும் மறுத்துப் பேசுவதும் தனித்தனி ஆசிரியரின், மாணவரின் வேலை, பல்கலைக்கழகம் அவர்களுக்கு இடம்தரும் வீடு. வீடே ஒரு கட்சி எடுத்துவிட்டால், மாற்றுக் கருத்துள்ளவர்கள் உள்ளே மூச்சுவிட முடியாது.

இந்தக் கொள்கையில் எனக்கு மரியாதை உண்டு. உலகில் நடக்கும் ஒவ்வொன்றுக்கும் துணைவேந்தர் அறிக்கை விட வேண்டும் என்றால் எதற்குத்தான் மதிப்பிருக்கும்? ஆனால் கால்வன் அறிக்கையை மேற்கோள் காட்டுபவர்கள் பலரும் அதன் பாதியை விட்டுவிடுகிறார்கள். பல்கலைக்கழகத்தின் பணிக்கும் சுதந்திரமான தேடலுக்குமே ஆபத்து வரும்போது அதை எதிர்த்து நிற்பது நிறுவனத்தின் கடமை என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஹைடெல்பெர்க்குக்குப் போனவர்கள் மீறியது இந்தப் பாதியைத்தான்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. இந்த நடுநிலை எப்போது வந்தது? 2020-இல் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு காவலர் கையில் கொல்லப்பட்டபோது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் வரிசையாக அறிக்கை வெளியிட்டன. 2022-இல் ரஷ்யா படையெடுத்தபோது ஹார்வர்டு வளாகத்தில் உக்ரைன் கொடி பறந்தது. இரண்டும் சரியான செயல்கள் என்றே நினைக்கிறேன். ஆனால், அப்போதெல்லாம் பேசிவிட்டு, யூதர்கள் கொல்லப்பட்ட வாரத்தில் மட்டும் சொல்லுக்குச் சொல் எடைபோட்டால், வளாகத்தில் இருக்கும் யூத மாணவருக்கு என்ன தோன்றும்? ஆளுக்கொரு நியாயம் என்றுதான் தோன்றும். ஹார்வர்டு 2024 மே மாதம்தான், தன் அடிப்படைப் பணியைத் தொடாத பொது விவகாரங்களில் இனி அறிக்கை வெளியிடுவதில்லை என்று முடிவுசெய்தது. தேர்வு முடிந்த பிறகு பாடத்திட்டத்தை அறிவித்த கதை.

பயங்கரவாதம் தொலைவில் எங்கோ நடப்பது என்ற எண்ணமும் தவறு. 2002 ஜூலை 31 அன்று ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தின் மாணவர் உணவகத்தில் ஹமாஸ் வைத்த குண்டு ஒன்பது பேரைக் கொன்றது. 2015 ஏப்ரல் 2 அன்று கென்யாவின் கரிசா பல்கலைக்கழகக் கல்லூரிக்குள் புகுந்த அல்-ஷபாப் கும்பல் 148 பேரைக் கொன்றது. கிறிஸ்தவ மாணவர்களைத் தேடித்தேடிச் சுட்டார்கள். துப்பாக்கிக்காரன் வகுப்பறைக்கு வரும்போது அவனுக்குக் கருத்து வேறுபாடு ஒரு பொருட்டில்லை. பொதுமக்களைக் குறிவைத்துக் கொல்வது தவறு என்பது வாதப் பிரதிவாதம் நடத்த வேண்டிய தலைப்பு அல்ல. வாதம் நடப்பதற்கே தேவையான தரை அது.

2023 டிசம்பர் 5 அன்று ஹார்வர்டு, பென்சில்வேனியா, எம்.ஐ.டி. தலைவர்கள் மூவர் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழுவின் முன் அமர்ந்தார்கள். யூதர்களை இனப்படுகொலை செய்ய அழைப்பது உங்கள் விதிகளை மீறியதாகுமா என்று குழு உறுப்பினர் எலிஸ் ஸ்டெஃபானிக் திரும்பத் திரும்பக் கேட்டார். சூழலைப் பொறுத்தது என்ற வகையிலேயே பதில்கள் வந்தன. ‘இன்டிஃபாதா’ (எழுச்சி) என்ற பாலஸ்தீன ஆதரவு முழக்கத்தையே இனப்படுகொலை அழைப்பாக எடுத்துக்கொண்ட அந்தக் கேள்வியில் அரசியல் கணக்கு இருந்தது உண்மை. சட்டப்படி பார்த்தால் பதிலும் பிழையில்லை. பேச்சுக்கும் மிரட்டலுக்கும் சட்டம் வேறுபாடு பார்க்கிறது. ஆனால் கேட்டது சட்டம் மட்டுமல்ல. “அது கொடுமை, எங்கள் வளாகத்தில் அதற்கு இடமில்லை” என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு சட்டத்தை விளக்கியிருக்கலாம். வழக்கறிஞர்கள் தயாரித்துக் கொடுத்ததைப் போன்ற அந்தப் பதில்களில் மனிதக் குரல் இல்லை. பென்சில்வேனியாவின் லிஸ் மகில் நான்கே நாளில் பதவி விலகினார். கருத்துத் திருட்டுப் புகார்களும் சேர்ந்துகொள்ள, கிளாடின் கே 2024 ஜனவரி 2 அன்று விலகினார்.

அறிக்கையைவிட முக்கியமானது வளாகத்தின் அன்றாடம். 2023 அக்டோபர் இறுதியில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூத முறை உணவு பரிமாறும் கூடத்தில் துப்பாக்கிச்சூடு நடத்துவேன் என்று இணையத்தில் மிரட்டியவர் அங்கேயே படித்த மாணவர். அவருக்கு 21 மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. சாப்பிடப் போகவே பயப்பட வேண்டிய பிள்ளை எப்படிப் படிக்கும்? 2024 ஆகஸ்டில், யூத மாணவர்கள் தடுக்கப்படும் வளாகப் பகுதிகளை அனுமதிக்கக் கூடாது என்று லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு நீதிமன்றம் தடை உத்தரவு பிறப்பித்தது. இதே கடமை பாலஸ்தீன, முஸ்லிம் மாணவர்களுக்கும் உண்டு. 2023 நவம்பரில் வெர்மான்ட் மாநிலத்தில் பாலஸ்தீனக் கல்லூரி மாணவர்கள் மூவர் தெருவில் சுடப்பட்டார்கள். யூத வெறுப்பு பற்றி ஒன்றும், முஸ்லிம், அரபு, பாலஸ்தீன எதிர்ப்பு பற்றி ஒன்றுமாக ஹார்வர்டு 2025 ஏப்ரலில் ஒரே நாளில் இரண்டு ஆய்வறிக்கைகளை வெளியிட்டது. இருதரப்பு மாணவர்களும் பயத்தோடு வளாகத்தில் நடப்பதை அவை பதிவுசெய்தன.

பல்கலைக்கழகம் தானாகச் செய்யாததை அரசு தடியெடுத்துச் செய்ய வந்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். டிரம்ப் அரசு 2025 மார்ச்சில் கொலம்பியாவுக்கான 40 கோடி டாலர் நிதியை நிறுத்தியது. ஜூலையில் கொலம்பியா 20 கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. ஹார்வர்டின் 220 கோடி டாலர் ஆய்வு நிதி முடக்கப்பட்டது. யூத வெறுப்பைத் திரையாக வைத்து வேறு நோக்கத்துக்காகப் பல்கலைக்கழகத்தைத் தாக்குகிறார்கள் என்று நீதிபதி ஆலிசன் பரோஸ் செப்டம்பரில் தீர்ப்பளித்தார். மருத்துவ ஆய்வுக்கான பணத்தை நிறுத்தி எந்த யூத மாணவரையும் பாதுகாக்க முடியாது.

பேச வேண்டியது யார், எதைப் பற்றி என்பதற்கு, பலரும் மறந்துவிட்ட ஒரு மனிதரைச் சொல்கிறேன். 1937-இல் போலந்துப் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்கள் வகுப்பின் இடப்பக்கத் தனி பெஞ்சுகளில்தான் உட்கார வேண்டும் என்று விதி வந்தது. ‘கெட்டோ பெஞ்ச்’ என்று அதற்குப் பெயர். பல யூத மாணவர்கள் அதில் உட்கார மறுத்து, வகுப்பு முடியும்வரை நின்றார்கள். சில பேராசிரியர்களும் அவர்களோடு நின்றுகொண்டே பாடம் நடத்தினார்கள். இன்று உக்ரைனில் லிவிவ் என்று அழைக்கப்படும் லுவூவ் நகரில், யான் காசிமீர் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர் ஸ்தானிஸ்வாவ் குல்சின்ஸ்கி என்ற தாவரவியல் பேராசிரியர். அந்த உத்தரவில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று 1938 ஜனவரியில் பதவியைத் துறந்தார். உத்தரவு நிற்கவில்லை, அவருக்குப் பின் வந்தவர் கையெழுத்திட்டார். போர் முடிந்த 1945-இல், விரோத்சுவாஃப் நகரில் போலந்துப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டபோது, அதன் முதல் தலைவராகப் பொறுப்பேற்றவர் குல்சின்ஸ்கி.