எந்தப் படமும் குப்பையல்ல

பழைய படச்சுருள்களைத் தேடியே வாழ்ந்து தீர்த்தவர் பி.கே. நாயர். அவரைப் பற்றிய ‘செல்லுலாய்டு மேன்’ ஆவணப்படம், தமிழ் சினிமாவை நேசிக்கும் ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியது.

கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவத்தைத் தாங்கி நிற்பது வெள்ளி. படம் ஓடி ஓய்ந்ததும், கதையைவிட அந்த வெள்ளிக்குத்தான் விலை இருந்தது. ரீல்களை எடைக்கு வாங்கிச் சென்று, கழுவி, வெள்ளியைப் பிரித்து எடுத்தார்கள். மிஞ்சிய செல்லுலாய்டு வளையலாக மாறியது. விற்காமல் வைத்திருந்தவையும் தப்பவில்லை. அக்காலத்து நைட்ரேட் ஃபிலிம் ஒருமுறை பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. எரியத் தேவையான ஆக்ஸிஜன் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்தியாவில் 1,300-க்கும் மேற்பட்ட ஊமைப்படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றில் முழுதாகப் பார்க்கக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

அந்தச் சிலவாவது கிடைக்கின்றன என்றால், அதற்குப் பெரும் காரணம் ஒரே மனிதர். புனேயில் உள்ள தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடித்தளத்திலிருந்து கட்டியெழுப்பிய பி.கே. நாயர். ஷிவேந்திர சிங் துங்கர்பூர் 2012-ல் எடுத்த ‘செல்லுலாய்டு மேன்’, அந்த மனிதரின் தேடலை இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாக நிதானமாகப் பின்தொடர்கிறது. 60-வது தேசிய விருதுகளில், வாழ்க்கை வரலாற்றுப் படத்துக்கும் படத்தொகுப்புக்கும் என இரண்டு விருதுகள் அதற்குக் கிடைத்தன. இந்தியாவின் முதல் கதைப்படமான, தாதாசாகேப் பால்கேயின் ‘ராஜா ஹரிச்சந்திரா’ திரைக்கு வந்து சரியாக நூறாண்டு நிறைந்த 2013 மே 3 அன்று இந்தியத் திரையரங்குகளில் அது வெளியானது. டிஜிட்டல் யுகத்தில் பிடிவாதமாக ஃபிலிமிலேயே எடுத்திருக்கிறார் துங்கர்பூர். புனே திரைப்படக் கல்லூரியில் படித்தபோது நாயரைத் தொலைவில் நின்று பார்த்து மிரண்ட மாணவர் அவர்.

அறிவியல் பட்டதாரியின் சினிமாப் பித்து

நாயர் 1933-ல் திருவனந்தபுரத்தில் பிறந்தார். வீட்டில் யாருக்கும் சினிமாத் தொடர்பு கிடையாது. சிறுவனாக அவர் மயங்கிப் பார்த்த படங்களில் கே. சுப்பிரமணியத்தின் ‘அனந்தசயனம்’ போன்ற தமிழ்ப் புராணப் படங்களும் உண்டு. பார்த்த படத்தின் டிக்கெட்டை அவர் தூக்கி எறிந்ததில்லை. எடை பார்க்கும் இயந்திரம் துப்பும் சீட்டைக்கூடச் சேர்த்து வைத்தார். அறிவியல் பட்டம் வாங்கியதும் பம்பாய்க்குப் போனார். பெரிய இயக்குநர்களின் படப்பிடிப்புகளை அருகிலிருந்து கவனித்தவர், படம் எடுப்பது தன் வழியல்ல என்று புரிந்துகொண்டார். 1961-ல் புனே திரைப்படக் கல்லூரியில் ஆய்வு உதவியாளராகச் சேர்ந்தார்.

1964-ல் தேசியத் திரைப்படக் காப்பகம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு நாயர் அங்கே உதவிக் காப்பாளர் ஆனார். அப்போது அங்கே காப்பதற்கென்று இருந்தவை சொற்பம். 1982-ல் இயக்குநராகி 1991-ல் ஓய்வு பெற்றபோது, காப்பகத்தில் 12,000 படங்கள் இருந்தன. அவற்றில் சுமார் 8,000 இந்தியப் படங்கள். இவை தானாக வந்து சேரவில்லை. மூடிய ஸ்டூடியோ, நொடித்த விநியோகஸ்தரின் கிடங்கு, இறந்துபோன தயாரிப்பாளரின் வீடு என்று போய்ப் போய்க் கேட்டு வாங்கியவை. பாம்பே டாக்கீஸின் ‘அச்சூத் கன்யா’, ‘கிஸ்மத்’, ஜெமினியின் ‘சந்திரலேகா’, உதயசங்கரின் ‘கல்பனா’ என்று அந்தப் பட்டியல் நீள்கிறது.

கிடைத்ததும் கைநழுவியதும்

தாதாசாகேப் பால்கேயின் குடும்பத்தாரைத் தேடி நாயர் நாசிக்குக்குப் போன கதை படத்தின் சிகரம். நான்கு ரீல் கொண்ட ‘ராஜா ஹரிச்சந்திரா’வில் முதல் ரீலும் கடைசி ரீலும் இப்படித்தான் காப்பகம் வந்து சேர்ந்தன. கிடைத்தது 1917-ல் பால்கேயே மறுபடி எடுத்த வடிவமாக இருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. அந்த வாதம் நடப்பதற்கே ரீல் கையில் இருக்க வேண்டும் அல்லவா? அதைக் கையில் கொடுத்தவர் நாயர். பால்கே தன் சிறு மகள் மந்தாகினியைக் கிருஷ்ணனாக நடிக்கவைத்த ‘காளிய மர்த்தன’மும் அவர் முயற்சியால் மீண்டது.

‘மார்த்தாண்ட வர்மா’வின் விதி விசித்திரமானது. நாகர்கோவிலைச் சேர்ந்த ஆர். சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கி, 1933-ல் வெளியான ஊமைப்படம் அது. சி.வி. ராமன் பிள்ளையின் நாவலைத் தழுவியது. நாவலின் உரிமை தங்களுடையது என்று பதிப்பகத்தார் வழக்குப் போட்டதால் படம் சில நாளிலேயே நிறுத்தப்பட்டது. பறிமுதலான சுருள் திருவனந்தபுரத்தில் நாற்பதாண்டுகள் கிடந்து, 1970-களில் நாயரின் காப்பகத்துக்கு வந்தது. ஊர் ஊராக ஓடியிருந்தால் தேய்ந்து அழிந்திருக்கும். வழக்கில் சிக்கியதால் பிழைத்தது.

எல்லாத் தேடலும் பலிக்கவில்லை. இந்தியாவின் முதல் பேசும்படமான ‘ஆலம் ஆரா’வுக்காக அதன் இயக்குநர் அர்தேஷிர் இரானியை அவருடைய கடைசிக் காலத்தில் நாயர் சந்தித்தார். ஸ்டூடியோவில் எங்காவது சில ரீல்கள் கிடக்கும் என்று நம்பிக்கை கொடுத்தார் முதியவர். அவை வெள்ளிக்காக ஏற்கெனவே போய்விட்டன என்பதை மகன் பின்னர் தெரிவித்தார். வாழ்நாள் முழுதும் ஆறாத வருத்தமாக இதை நாயர் சுமந்தார்.

தரம் பார்க்காத காவலர்

சேகரிப்பவர்கள் பலர் தமக்குப் பிடித்ததைச் சேகரிப்பார்கள். நாயரின் பித்து வேறு வகை. சத்யஜித் ராயின் படத்துக்கும் சண்டைப் படத்துக்கும், விருதுப் படத்துக்கும் ஒரு வாரம்கூட ஓடாத படத்துக்கும் அவர் அலமாரியில் இடம் இருந்தது. எது நாளைக்கு வேண்டியிருக்கும் என்று இன்றைக்கே தீர்ப்பளிக்கக் காப்பாளனுக்கு உரிமை இல்லை என்பதே அவர் கொள்கை. இந்தப் பணிவுதான் அவரைப் பெரிய மனிதராக்கியது என்று நான் நம்புகிறேன். ஒரு தோல்விப் படத்தின் பின்னணியில் தெரியும் தெருவும் டிராமும் கடைப்பலகையும் அந்த ஊரின் வரலாற்றை எழுதுபவருக்குப் பொக்கிஷம். இன்று நாம் எதைக் குப்பை என்கிறோமோ அதில் நம் பேரப்பிள்ளைகள் எதைத் தேடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்?

சேர்த்ததைப் பூட்டி வைத்தவரும் அல்ல அவர். இருட்டில் சிறு டார்ச் வெளிச்சத்தில் குறிப்பெடுத்தபடி படம் பார்ப்பார். எந்தக் காட்சி எத்தனையாவது ரீலில் வருகிறது என்பது அவருக்கு மனப்பாடம். திரைப்படக் கல்லூரி மாணவர்கள் உலக சினிமாவைக் கண்டடைந்தது அவர் திரையிட்ட படங்களில்தான். ஆவணப்படத்தில் நசீருதீன் ஷா, ஜெயா பச்சன், கிரீஷ் காசரவள்ளி, கமல்ஹாசன் உள்ளிட்டோர் அந்தக் கடனை நன்றியோடு நினைவுகூர்கிறார்கள். அவர்களைவிட என் மனத்தில் நிற்பவர்கள் கர்நாடகத்தின் ஹெக்கோடு கிராமத்து மக்கள். கே.வி. சுப்பண்ணா அங்கே நடத்திய திரைப்பட ரசனை முகாம்களுக்கு நாயர் படப்பெட்டிகளை அனுப்பினார். பாக்கு விவசாயிகள் ‘பதேர் பாஞ்சாலி’யையும் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தையும் பற்றி, தம் வீட்டுக் கதைபோல் பேசுகிறார்கள். நல்ல சினிமா படித்தவர்களுக்கு மட்டும் என்ற எண்ணத்தை அந்தச் சில நிமிடங்கள் தகர்த்துவிடுகின்றன.

அவருடைய வாழ்க்கைக்கு ஒரு விலையும் இருந்தது. காப்பகத்துக்குக் கிடைத்த நாயர் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை. படம் அதை மூடி மறைக்கவில்லை. அவர் போன பிறகு காப்பகத்தில் வந்த சரிவையும் துருப்பிடித்த டப்பாக்களின் வழியே காட்டுகிறது. 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் சுருள்கள் இருந்த கிடங்கில் தீப்பிடித்து, திரும்பப் பெற முடியாத பல படங்கள் சாம்பலாயின. ஒரு மனிதரின் பிடிவாதத்தால் நிற்கும் அமைப்பு, அந்த மனிதர் விலகியதும் ஆட்டம் காண்கிறது. ‘செல்லுலாய்டு மேன்’ சொல்லும் கசப்பான உண்மை இதுதான்.

நாம் இழந்தவை

தமிழர்களுக்கு இந்தப் படம் அடுத்தவர் கதையல்ல. ஆர். நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசகவதம்’, தென்னிந்தியாவின் முதல் கதைப்படம். அதில் ஒரு ஃபிரேம்கூட இன்று இல்லை. டி.பி. ராஜலட்சுமி நடித்து 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியான ‘காளிதாஸ்’, முதல் தமிழ்ப் பேசும்படம். அதுவும் இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் எப்படிப் பேசியது என்பதைக் கேட்க நமக்கு வழியே இல்லை.

காப்பாற்றினால் என்ன ஆகும் என்பதற்குச் சான்றும் நம் ஊரிலேயே இருக்கிறது. சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் உருவாகி 1948-ல் வெளியான ‘கல்பனா’, நாயர் காப்பாற்றிய சுருளிலிருந்து மார்ட்டின் ஸ்கோர்செஸியின் அமைப்பால் மீட்டெடுக்கப்பட்டு, 2012-ல் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அதில் இளம் பத்மினியின் ஆட்டத்தை இன்று தெளிவாகப் பார்க்கலாம்.

புத்தகத்துக்கு 1954-லேயே சட்டம் வந்தது. நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலின் படியும் கன்னிமாரா உள்ளிட்ட நூலகங்களுக்குப் போயாக வேண்டும். திரைப்படத்துக்கு அப்படியொரு சட்டத்தின் துணை நாயருக்கு இருக்கவில்லை. கேட்டும் கெஞ்சியுமே அவர் வாங்கினார். இந்த நிலை மாற வேண்டும். 2016 மார்ச்சில் நாயர் மறைந்தார். துங்கர்பூர் 2014-ல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் அவர் வேலையைத் தொடர்கிறது. சென்னையிலும் படப் பாதுகாப்புப் பயிற்சி நடத்தியிருக்கிறது. ஆனால், அசிடேட் ஃபிலிம் வெப்பத்திலும் ஈரத்திலும் காடி நாற்றமடித்துச் சுருங்கத் தொடங்கினால், அதை நிறுத்த முடியாது. தாமதப்படுத்த மட்டுமே முடியும். சென்னையின் காற்றில் வெப்பம், ஈரம் இரண்டுக்கும் குறைவில்லை. டிஜிட்டலில் எடுத்தவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. ஹார்டு டிஸ்க் சுருளைவிடச் சீக்கிரம் சாகும்.

இன்னொரு நாயர் பிறப்பார் என்று காத்திருப்பதை நான் ஏற்க மாட்டேன். குளிர்காப்பு வசதியுள்ள திரைப்படக் காப்பகம் ஒன்றைத் தமிழக அரசு சென்னையில் அமைக்க வேண்டும். வெளியாகும் ஒவ்வொரு தமிழ்ப் படத்தின் படியும், ஓடியதோ ஓடாததோ, அங்கே சேர வேண்டும். பழைய தயாரிப்பாளர்களின், விநியோகஸ்தர்களின் குடும்பத்தார் வீட்டைக் காலி செய்யும்போது துருப்பிடித்த டப்பா ஏதும் கண்ணில் பட்டால், பழைய இரும்புக் கடைக்குப் போடுமுன் காப்பகத்துக்கு ஒரு தகவல் சொல்லுங்கள். அது எந்தப் படமாக இருந்தாலும் சரி.