பிள்ளைக்கு என்ன விலை?

குழந்தையில்லாத வீட்டுக்கு யோசனை சொல்ல வருகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. அரச மரம் சுற்றியாயிற்று, ராமேஸ்வரம் போயாயிற்று, டாக்டர்களிடம் லட்சக் கணக்கில் கொட்டியாயிற்று. எல்லாம் ஓய்ந்திருக்கும் ஒரு மாலை வேளையில், தூரத்து உறவு மாமி ஒருத்தி காபியை ஆற்றிக் கொண்டே குரலைத் தாழ்த்துவாள்: “எனக்குத் தெரிஞ்ச நர்ஸம்மா ஒருத்தி இருக்கா. நல்ல குழந்தையாப் பார்த்துக் குடுப்பா. பேப்பர் கீப்பரெல்லாம் அவளே பார்த்துப்பா. கொஞ்சம் செலவாகும், அவ்வளவுதான்!”

இந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது 2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் நாடறிய வெளியாயிற்று. நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில், வேலையிலிருந்து விலகிய நர்ஸ் ஒருத்தி டெலிபோனில் பேசிய பேச்சு வாட்ஸ்ஆப் மூலம் ஊரெங்கும் பரவியது. முப்பது வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பதாக அவளே அதில் சொல்லிக் கொண்டாள். பெண் குழந்தை சுமார் ரூ.2,70,000-த்தில் ஆரம்பம். ஆண் குழந்தைக்கு அதற்கு மேல். சிவப்பாக, கொழுகொழுவென்று இருந்தால் நாலு லட்சத்தைத் தொடும். பிறப்புச் சான்றிதழுக்குத் தனியாக ரூ.70,000! போலீசார் அவளையும் வேறு சிலரையும் கைது செய்தார்கள். பிறகு வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போயிற்று.

கத்தரிக்காய் வியாபாரம் போல் இருக்கிறதே என்று நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால் அந்த விலைப் பட்டியலை அவள் ஒருத்தியாகவா தயாரித்தாள்? ‘கொஞ்சம் சிவப்பாகக் கிடைக்குமா?’ என்று கேட்டவர்கள் இருந்ததால்தானே சிவப்புக்கு விலை ஏறிற்று!

நம் பெரியவர்கள் இதைப் பற்றி யோசிக்காமல் இல்லை. மனுதர்ம சாஸ்திரம் சொல்லும் பன்னிரண்டு வகைப் புத்திரர்களில் ‘கிரீதன்’ என்று ஒருவன் உண்டு. விலை கொடுத்து வாங்கிய பிள்ளை என்று அர்த்தம். கலியுகத்துக்கு இது ஆகாது என்று பின்னால் வந்த சாஸ்திரக்காரர்களே தள்ளி விட்டார்கள். 1956-ல் வந்த ஹிந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் அந்தக் கதவுக்குப் பூட்டும் போட்டது. தத்துக்குப் பிரதியாகப் பணமோ வெகுமதியோ வாங்கினாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம். ஆறு மாதம் வரை சிறை என்கிறது அதன் 17-வது பிரிவு. 2015-ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டம் இன்னும் கடுமையானது. குழந்தையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஐந்து வருஷம் வரை கடுங்காவல், லட்ச ரூபாய் அபராதம். குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் ஆஸ்பத்திரிச் சிப்பந்தியே செய்தால் குறைந்தது மூன்று வருஷம், ஏழு வரை போகலாம். விற்பவரோடு வாங்குபவரும் சேர்ந்து சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்பதை எந்த மாமியும் சொல்ல மாட்டாள்.

இத்தனை நேரமும் வாங்குகிறவர்களைப் பற்றியே பேசிக் கொண்டிருக்கிறோம். பெற்றவள் ஒருத்தி இருக்கிறாளே!

மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்து விட்டதே என்று மருகுகிறவள், கல்யாணமாகாமல் கர்ப்பமுற்றவள், பிரசவச் செலவைக் கட்ட வழியில்லாத கூலிக்காரி — தரகர்கள் தேடிப் போவது இவர்களைத்தான். உடம்பு தேறுவதற்குள் பேரம் முடிந்து விடுகிறது. பால் சுரந்து மார்பு கனக்கும் நாளில் குழந்தை வேறு ஊரில் இருக்கிறது. அவள் முகம் யாருக்கும் ஞாபகமில்லை.

சட்டம் காட்டும் வழி வேறு. வளர்க்க இயலாத தாய், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் குழந்தையை ஒப்படைத்து எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்த பிறகும் அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. ‘என் குழந்தை எனக்கே வேண்டும்’ என்று அதற்குள் வந்து நின்றால் திருப்பிக் கொடுத்து விட வேண்டும். அதுவரை அந்தக் குழந்தையை யாருக்கும் தத்துக் கொடுக்க முடியாது. தரகர் லட்சங்களுக்கு விற்பது இந்த அறுபது நாளைத்தான் என்பது என் அபிப்பிராயம். வாங்குகிறவருக்குக் காத்திருப்பு மிச்சம். பெற்றவளுக்கு மனம் மாறும் உரிமை போயிற்று.

சில சமயம் அவள் சம்மதத்தைக் கூடக் கேட்பதில்லை. 2021-ல் மதுரையில் ஒரு காப்பகத்தில் இருந்த ஒரு வயது ஆண் குழந்தை, கொரோனாவில் இறந்து விட்டதாகச் சொல்லி, அடக்கம் செய்ததற்குக் காகிதமும் காட்டினார்கள். போலீசார் விசாரித்தபோது குழந்தை இன்னொரு வீட்டில் உயிரோடு இருந்தது! இன்னொரு பெண் குழந்தையும் அதே காப்பகத்திலிருந்து விற்கப்பட்டிருந்தது. இரண்டையும் மீட்டார்கள். நல்லதுதான். ஆனாலும் குழந்தையை விட்டுக் கொடுக்க நேர்ந்த பெண்மணிகளையும் நினைத்துப் பாருங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, தோளில் போட்டுத் தூங்க வைத்தவர்கள். பணம் கொடுத்து விட்டதால் அவர்களுக்கு எந்த உரிமையும் வந்து விடவில்லை.

பிடிபடாமலே போனால்? சான்றிதழில் உங்கள் பெயர் தாயாராக இருக்கும், அது பொய். தத்து உத்தரவு இருக்காது. நாளைக்குச் சொத்துப் பாகப் பிரிவினையில் மைத்துனர் பிள்ளை எழுந்து ஒரு கேள்வி கேட்டால், ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், பிள்ளை நடுத்தெருவில் நிற்பான். உறவுக்குள்ளேயே தங்கை பிள்ளையைத் தத்து எடுப்பவர்கள் கூட முறையாகப் பத்திரம் எழுதி ரிஜிஸ்தர் செய்து விடுவது நல்லது என்று வக்கீல்கள் சொல்வது இதனால்தான்.

சரி, நேர் வழியில் என்ன செலவு? மத்திய தத்தெடுப்பு வள ஆணையத்தின் 2022-ஆம் வருஷ விதிகளின்படி, வீட்டைப் பார்த்து அறிக்கை தயாரிக்க ரூ.6,000, குழந்தைகள் பராமரிப்பு நிதிக்கு ரூ.50,000, பிறகு இரண்டு வருஷத்தில் நாலு முறை வந்து பார்க்க, முறைக்கு ரூ.2,000. மொத்தம் ரூ.64,000. ஒவ்வொன்றுக்கும் ரசீது உண்டு. நன்கொடை என்று தனியாக யாரும் கேட்கக் கூடாது. நாலு லட்சம் எங்கே, இது எங்கே!

பின் ஏன் ஜனங்கள் தரகரிடம் போகிறார்கள்? காத்திருக்க முடியாமல்தான். பதிவு செய்து காத்திருப்பவர்கள் முப்பதாயிரத்துக்கு மேல். தத்துப் போகும் குழந்தைகளோ வருஷத்துக்கு நாலாயிரத்துச் சொச்சம். கைக்குழந்தை வேண்டுமென்றால் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. இதற்கிடையே வயதுக் கணக்கு வேறு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு, தம்பதிகளின் வயதைக் கூட்டினால் 85-க்கு மேல் போகக் கூடாது. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒவ்வொரு பிறந்த நாளும் எப்படியிருக்கும் என்று விதி எழுதியவர்களும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். காப்பகங்களில் வளரும் குழந்தைகளில் பலருடைய காகித வேலை முடியாததால் அவர்கள் தத்துப் பட்டியலுக்கே வருவதில்லை. தரகரைப் பிடித்துச் சிறையில் போடுவதோடு, இந்தக் காகிதங்களையும் சர்க்கார் துரிதப்படுத்தினால் பாதி வியாபாரம் தானே படுத்து விடும்.

ஆறு வயது, எட்டு வயதுக் குழந்தைகளையும், உடற்குறை உள்ளவர்களையும் ஏற்க மனமுள்ளவர்களுக்கு இவ்வளவு காத்திருப்பு இல்லை. கல்யாணமாகாத பெண்களும் தத்து எடுக்கலாம். ஆண் குழந்தையானாலும் பெண் குழந்தையானாலும் தடையில்லை.

உங்கள் தெருவிலோ, வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்திலோ, வயிற்றுப் பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கும் பெண் இருந்தால், தரகர் போய்ச் சேருவதற்கு முன் நீங்கள் அவளிடம் இரண்டு விஷயம் சொல்லலாம். நம் மாநிலத்தில் 1992-ல் சேலத்தில் ஆரம்பித்துப் பிற மாவட்டங்களுக்கும் பரவிய தொட்டில் குழந்தைத் திட்டம் ஒன்று. மற்றொன்று 1098 என்ற டெலிபோன் எண். நடுராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது.